மருந்தைப் பிடிக்க ஒரு வாளி: சுகமாடெக்ஸ் திட்டமிட்டு வடிவமைத்ததா, தற்செயலாகக் கிடைத்ததா?

#1 வளர்மதி

வணக்கம். இரண்டு வாரமாக ஒரே ஒரு மூலக்கூறைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் போல இருக்கிறது. சுகமாடெக்ஸ். ஆபரேஷனுக்காகத் தசைகளைச் செயலிழக்க வைக்கும் ரோக்குரோனியம் என்ற மருந்தை, ஆபரேஷன் முடிந்ததும் முறிப்பதற்குப் போடுகிற ஊசி. நான் வேதியியல் ஆய்வு மாணவி, ஆபரேஷன் தியேட்டருக்குள் போனதே இல்லை. என்னை இழுத்தது அந்த மூலக்கூறின் வடிவம்.

புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். ஒரு மருந்தின் வேலையை நிறுத்த வேண்டுமென்றால் பொதுவாக உடம்பில் அது போய் உட்காரும் இடத்தில்தான் கை வைப்பார்கள். அங்கே போட்டிக்கு இன்னொரு மருந்தை அனுப்புவார்கள், இல்லை அந்த இடத்துக்கு இயல்பாக வருகிற பொருளின் அளவைக் கூட்டுவார்கள். சுகமாடெக்ஸ் எந்த ஏற்பியிலும் போய் ஒட்டுவதில்லை, எந்த நொதியையும் தடுப்பதில்லை. ரத்தத்தில் திரிகிற ரோக்குரோனியத்தையே பிடித்துத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. ஒன்றுக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து சிறுநீரில் வெளியேறிவிடுகின்றன.

இது பிறந்த இடம் ஸ்காட்லாந்தில் நியூஹவுஸ், ஆர்கனான் கம்பெனியின் ஆய்வுக்கூடம். ரோக்குரோனியமும் அதே கம்பெனியின் மருந்துதான். அங்கே ஆன்டன் போம் என்ற மருந்தியலாளர் திசுச் சோதனைகளுக்காக ரோக்குரோனியத்தைக் கரைக்க ஒரு வழி தேடினார். அமிலக் கரைசலில் அது நன்றாக நிற்கும், ஆனால் உயிரோடு இருக்கிற தசைத் துண்டை அமிலத்தில் போட முடியாதே. அதனால் சைக்ளோடெக்ஸ்ட்ரின்களை, அதாவது வளையமாகக் கோத்த சர்க்கரை மூலக்கூறுகளை, சேர்த்துப் பார்த்தார். காமா சைக்ளோடெக்ஸ்ட்ரின் ரோக்குரோனியத்தைப் பிடித்துக்கொண்டது. கரைக்கத் தேடிய பொருள் பிடித்தும் வைக்கிறது என்றால் அதையே முறிமருந்தாக்கினால் என்ன என்று அங்கிருந்து யோசனை திரும்பியது. 2002இல் ஆங்கெவான்டெ கெமி இதழில் கட்டுரை வந்தது. அப்போது அதன் பெயர் ஆர்க் 25969.

என் வழிகாட்டி இதைத் தற்செயல் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்து என்ன?

#2 இளங்கோ

உங்கள் வழிகாட்டி சொல்வது சரி என்றே நினைக்கிறேன். சைக்ளோடெக்ஸ்ட்ரின் புதிதில்லை. 1891இல் பிரான்ஸில் வில்லியே மாவுச்சத்திலிருந்து கண்டெடுத்தது. மாத்திரை கரைய, கசப்பு மறைய என்று எத்தனையோ காலமாகப் பயன்படுத்துகிறார்கள்.

மருந்தையே பிடிப்பது என்ற யோசனையும் புதிதில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினை முறிக்கப் புரோட்டமின் கொடுக்கிறோம். ஹெப்பாரின் எதிர்மின் தன்மை கொண்டது, மீன் விந்திலிருந்து எடுத்த புரோட்டமின் நேர்மின், இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லூயிசைட் என்ற ஆர்சனிக் நச்சு வாயுவுக்கு எதிராக டைமெர்காப்ரால் உருவாக்கினார்கள், அதுவும் ஆர்சனிக்கைக் கொத்தாகப் பிடிப்பதுதான். டிஜாக்சின் என்ற இதய மருந்து அதிகமானால் ஆன்டிபாடித் துண்டு கொடுக்கிறார்கள். அந்த வரிசையில் இது இன்னொன்று. அலமாரியில் இருந்த சைக்ளோடெக்ஸ்ட்ரின் வாளியில் எட்டு வால் ஒட்டினார்கள், அவ்வளவுதான். வடிவமைப்பு என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துப் பயன்படுத்த வேண்டும்.

#3 மருந்தாளன்

இளங்கோ, அந்த எட்டு வாலில்தான் எல்லாமே இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மருந்துக் கம்பெனிகளில் ஃபார்முலேஷன் வேலை, அதாவது மருந்தை மாத்திரையாக, ஊசியாக ஆக்குகிற வேலை பார்த்தவன். சைக்ளோடெக்ஸ்ட்ரின் கையில் புரளும் பொருள். தண்ணீரில் கரையாத மருந்துப் பொடியைப் பீக்கரில் போட்டுக் காந்தக் குச்சியைச் சுழலவிட்டால் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கலாக நிற்கும். அதில் சைக்ளோடெக்ஸ்ட்ரினைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் பீக்கருக்குப் பின்னால் இருக்கிற எழுத்து தெரிய ஆரம்பிக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நிமிஷம் எனக்குச் சலித்ததில்லை.

ஆனால் அந்தப் பிடிப்பு தளர்வானது. ஃபார்முலேஷனில் தளர்வாக இருப்பதுதான் நமக்கு வேண்டும். உடம்புக்குள் போனதும் மருந்தை விட்டுவிட வேண்டுமே. நியூஹவுஸில் அவர்களுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: பிடித்தால் விடவே கூடாது. அலமாரியில் இருந்த எந்த வாளியும் அதைச் செய்யாது.

இனி அளவுகளைப் பாருங்கள். சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்பது குளுக்கோஸ் வளையம். ஆல்ஃபாவில் 6 குளுக்கோஸ், பீட்டாவில் 7, காமாவில் 8. அடி இல்லாத, ஒரு பக்கம் கொஞ்சம் ஒடுங்கிய வாளி மாதிரி இருக்கும். வெளிப்பக்கம் தண்ணீரோடு ஒட்டும், உட்பக்கம் எண்ணெய்ப் பசையுள்ள பொருளை விரும்பும். ரோக்குரோனியத்தின் உடல் ஸ்டீராய்டு, நான்கு வளையங்கள் வரிசையாக ஒட்டிய கட்டை. ஆல்ஃபாவிலும் பீட்டாவிலும் அந்தக் கட்டை சரியாக நுழையாது. காமாவின் வாய் போதும். ஆனால் காமாவின் ஆழம் சுமார் 0.79 நானோமீட்டர்தான். கட்டை அதைவிட நீளம். பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும். ஆழத்தை 1.1 நானோமீட்டர் அளவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதற்காக எட்டுக் குளுக்கோஸிலும் ஆறாம் கார்பனில் இருந்த ஹைட்ராக்சிலை எடுத்துவிட்டு, கந்தகம் வழியாக ஒரு குட்டைக் கையை மாட்டினார்கள். வாளியின் விளிம்பு உயர்ந்தது. இங்கேதான் ஒரு சிக்கல். வெறும் கார்பன் கைகளை மாட்டினால் அவை தண்ணீருக்குப் பயந்து வாளிக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும், வாய் அடைபட்டுவிடும். அதனால் ஒவ்வொரு கையின் நுனியிலும் கார்பாக்சிலேட் வைத்தார்கள். எட்டும் எதிர்மின். ஒன்றை ஒன்று தள்ளுவதால் கைகள் விரிந்தே நிற்கும், வாய் திறந்தே இருக்கும். அதே எட்டு எதிர்மின் நுனிகள் ரோக்குரோனியத்தின் நேர்மின் நைட்ரஜனை இழுத்துப் பிடிக்கும். ஒரே மாற்றத்தில் மூன்று வேலை: ஆழம் கூடியது, வாய் திறந்திருந்தது, உள்ளே வரும் விருந்தாளியான ரோக்குரோனியத்துக்கு ஒரு கொக்கி கிடைத்தது. போதாக்குறைக்குத் தண்ணீரில் நன்றாகக் கரையவும் செய்கிறது. படிகம் வளர்த்து எக்ஸ்-கதிரில் பார்த்தபோது நான்கு ஸ்டீராய்டு வளையங்களும் குழிக்குள்ளேதான் இருந்தன.

பிடிப்பு எவ்வளவு இறுக்கம் என்று சொல்கிற இணைப்பு மாறிலி ஒரு கோடியைத் தாண்டியது, சுமார் 1.8 கோடி. பீக்கரில் நான் பார்த்த சாதாரண சைக்ளோடெக்ஸ்ட்ரின் இணைப்புகள் பெரும்பாலும் நூறுகளில், ஆயிரங்களில்தான் இருக்கும்.

சரி, முதல் பார்வை தற்செயல். அதற்குப் பிறகு கைக்கு எவ்வளவு நீளம், நுனியில் என்ன மின்சுமை என்று ஒரு வரிசையே செய்து பார்த்துத்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். இதை வடிவமைப்பு என்று சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்வது?

#4 டாக்டர் கதிர்

மயக்க மருந்து மருத்துவராக இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மருந்தாளன் எழுதியதைப் படித்துவிட்டு, நான் தினமும் கையில் எடுக்கிற குப்பிக்குள் எட்டுக் கை இருக்கிறது என்று இப்போதுதான் மனக்கண்ணில் பார்க்கிறேன். நன்றி.

இது ஏன் பெரிய விஷயம் என்று தியேட்டர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். 1942 ஜனவரி 23, மான்ட்ரியல். ஹெரால்ட் கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும் குடல்வால் ஆபரேஷனுக்கு வந்த இளைஞர் ஒருவருக்குக் கியூரேர் கொடுத்தார்கள், தென் அமெரிக்காவின் அம்பு நஞ்சு. அன்றைக்கு அறுவை சிகிச்சையே மாறியது. வயிற்றுத் தசை தளர வேண்டுமென்பதற்காக மயக்கத்தை உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு ஆழமாக்கத் தேவையில்லாமல் போனது. ஆனால் முறிக்கும் வழி அதற்கும் முந்தியது. 1900இல் வியன்னாவில் யாகோப் பால், கியூரேரால் அசைவற்றுக் கிடந்த நாய்களுக்கு ஃபைசோஸ்டிக்மின் கொடுத்தால் மூச்சு திரும்புவதைக் கவனித்தார். நாங்கள் கொடுக்கிற நியோஸ்டிக்மின் அதே குடும்பம். நூறு வருஷத்துக்கு மேல் யோசனை மாறவேயில்லை.

அந்த யோசனை என்ன? நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் வந்தால் தசை சுருங்கும். தசைத் தளர்த்தி அதன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நியோஸ்டிக்மின், அசிட்டைல்கோலினைச் சிதைக்கிற நொதியைத் தடுக்கும். அசிட்டைல்கோலின் குவியும், குவிந்து நாற்காலிக்காக முண்டியடிக்கும். தளர்த்தி எங்கேயும் போய்விடவில்லை, நெரிசலில் ஒதுங்கி நிற்கிறது, அவ்வளவுதான்.

இதில் இரண்டு தொல்லை. ஒன்று, அசிட்டைல்கோலின் தசையில் மட்டும் குவிவதில்லை. இதயம் மெதுவாகும், எச்சில் ஊறும், மூச்சுக்குழல் இறுகும். அதனால் கூடவே கிளைக்கோபைரோலேட் அல்லது அட்ரோபின் கொடுக்கிறோம். இரண்டு, இதற்கு ஒரு கூரை உண்டு. நொதி முழுக்கத் தடைபட்ட பிறகு எவ்வளவு நியோஸ்டிக்மின் ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை. ஆழமான தளர்ச்சியை அதனால் முறிக்கவே முடியாது. ஆழமான ரோக்குரோனியத் தளர்ச்சியில் இரண்டையும் வைத்து 2008இல் வெளிவந்த ஒப்பீட்டில் தசை மீள ஆன நேரத்தின் நடுமதிப்பு சுகமாடெக்ஸுக்குச் சுமார் 2.7 நிமிடம், நியோஸ்டிக்மினுக்கு 49 நிமிடம்.

எனக்கு மறக்க முடியாத ஒரு நாள் உண்டு. பழைய கதை. ஒரு பெரியவர், பித்தப்பை ஆபரேஷன். நியோஸ்டிக்மின் கொடுத்தோம், மூச்சு வந்தது, டியூபை எடுத்தோம். ரெக்கவரிக்குப் போய்ப் பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார்கள். கண் முழுக்கத் திறந்திருக்கிறது, என்னையே பார்க்கிறார். பேச வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. கையைத் தூக்கப் பார்க்கிறார், தரையில் போட்ட மீன் மாதிரி துள்ளித் துள்ளி விழுகிறது. மாஸ்கை வைத்து மூச்சு கொடுத்துக்கொண்டு அவர் காதருகே குனிந்து, "ஐயா, ஆபரேஷன் முடிந்துவிட்டது, மருந்து இன்னும் கொஞ்சம் இருக்கிறது, நான் இங்கேயேதான் இருக்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நல்லபடியாக வீட்டுக்குப் போனார். ஆனால் அந்தக் கண்கள் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. அந்த நாளில் எங்களிடம் தளர்ச்சி எவ்வளவு மிச்சம் என்று அளக்கிற நர்வ் மானிட்டர் இல்லை.

#5 மேரி

ரெக்கவரி நர்ஸ். டாக்டர் சொன்ன அந்தக் கண்களை நானும் பார்த்திருக்கிறேன்.

ஐந்து விநாடி தலையைத் தூக்கி வைத்திருக்கச் சொல்லுவோம். கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுவோம். செய்துவிட்டால் நல்லது என்று நம்பினோம். அப்படிச் செய்தவர்களிலும் சிலருக்குத் தண்ணீர் கொடுத்தால் புரையேறும், பேச்சு குழறும், "கண்ணு ரெண்டா தெரியுதும்மா" என்பார்கள். ஆபரேஷன் களைப்பு என்று நினைத்துக்கொண்டோம். மருந்து மிச்சமிருப்பதன் அறிகுறி அது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

#6 வளர்மதி

டாக்டர் சார், மேரி அக்கா, இதையெல்லாம் எந்தக் கட்டுரையிலும் நான் படிக்கவில்லை. மருந்தாளன் சார், உங்கள் பீக்கரை என் செமினாரில் எடுத்துக்கொள்ளலாமா?

ஒரு கேள்வி இடிக்கிறது. சுகமாடெக்ஸ் பெரிய மூலக்கூறு, எடை 2178. ரோக்குரோனியம் புரோமைடு சுமார் 610. எட்டு எதிர்மின்னோடு இருக்கிற இது செல்சவ்வைக் கடக்காது. தளர்த்தி உட்கார்ந்திருப்பதோ நரம்பும் தசையும் சேருகிற இடத்தில். ரத்தத்தில் இருக்கிற வாளி அங்கே இருப்பதை எப்படிப் பிடிக்கும்?

#7 டாக்டர் கதிர்

அது அங்கே போய்ப் பறிக்க வேண்டியதில்லை. ரோக்குரோனியம் ஏற்பியில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதில்லை. விடும், திரும்ப ஒட்டும். ரத்தத்தில் சுதந்திரமாக இருக்கிற ரோக்குரோனியம் சட்டென்று காணாமல் போனால் அங்கே பள்ளம் விழுகிறது. வாய்க்காலைத் திறந்தால் வயல் நீர் வடிகிற மாதிரி, நரம்பு-தசைச் சந்திப்பில் இருப்பது ரத்தத்தை நோக்கி வடிந்துகொண்டே வரும். வந்ததும் வாளி பிடிக்கும். பள்ளம் தூராமல் இருக்கும்.

அழகான சான்று ஒன்று. சுகமாடெக்ஸ் கொடுத்த பிறகு ரத்தத்தை எடுத்து மொத்த ரோக்குரோனியத்தை அளந்தால் அளவு கூடியிருக்கும். நோயாளி கையை அசைக்கிறார், ரத்தத்திலோ மருந்து அதிகம். ஏனென்றால் திசுக்களில் இருந்ததெல்லாம் ரத்தத்துக்கு வந்து வாளிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

கணக்கையும் பாருங்கள். நீங்கள் சொன்ன எடைப்படி 1 மில்லிகிராம் ரோக்குரோனியத்துக்கு 3.57 மில்லிகிராம் சுகமாடெக்ஸ். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 1.2 மில்லிகிராம் வீதம் ரோக்குரோனியம் கொடுத்தால் 72 மில்லிகிராம். பிடிக்க 257 போதும். ஆனால் மூச்சுக்குழாயில் டியூப் போட முடியாமல் மூன்றாம் நிமிடத்திலேயே முறிக்க வேண்டிய அவசரம் என்றால் கிலோவுக்கு 16 மில்லிகிராம் வீதம், அதாவது 960 மில்லிகிராம் கொடுக்கிறோம். 200 மில்லிகிராம் குப்பியில் ஐந்தை உடைக்க வேண்டும். தேவைக்குக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. காத்திருக்க நேரமில்லாததால் வாளிகளை வெள்ளமாக இறக்குகிறோம். வழக்கமாக, நரம்பில் நான்கு மின் துடிப்பு கொடுத்துப் பார்க்கிற ட்ரெயின் ஆஃப் ஃபோர் சோதனையில் இரண்டாவது துடிப்பு திரும்பிய பிறகு கிலோவுக்கு 2 மில்லிகிராம் போதும், அதைவிட ஆழமாக இருந்தால் 4.

குறைத்துக் கொடுத்துச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வாளிகள் நிரம்பிய பிறகும் திசுவில் மிச்சம் இருந்தால் அது வடிந்து வந்து, எழுந்த தசை மறுபடி தளரும். வார்டுக்குப் போன பிறகு தளர்ந்தால் யார் பார்ப்பது?

#8 பாத்திமா

நான் வேதியியலும் இல்லை, மருத்துவமும் இல்லை. போன வருஷம் எனக்கு ஒரு ஆபரேஷன் நடந்தது. டிஸ்சார்ஜ் ஆகும்போது மயக்க மருந்து டாக்டரே வந்து, "கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அடுத்த 7 நாளைக்கு வேறு பாதுகாப்பும் வேண்டும்" என்றார். ஏன் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. இது அந்த ஊசியாலா?

#9 மருந்தாளன்

ஆமாம், பாத்திமா. அந்த டாக்டர் நல்ல காரியம் செய்தார். மாத்திரையில் இருக்கிற புரோஜெஸ்டோஜன் என்ற ஹார்மோனும் ஸ்டீராய்டு. அதே நான்கு வளையக் கட்டை, அதே வாளிக்குள் கொஞ்சம் போகும். அதன் பாதிப்பு ஒரு வேளை மாத்திரையை விட்டுவிட்டதற்குச் சமம் என்று மருந்துக் குறிப்பேடு சொல்கிறது. அதனால்தான் 7 நாள். இதைச் சொல்லாமலே அனுப்பிவிடுகிறார்கள் என்பதுதான் என் கவலை. ஆபரேஷன் களைப்பில் இருக்கிறவர் யோசித்துக் கேட்கிற விஷயமில்லை இது.

அப்படியானால் நம் உடம்பின் கார்ட்டிசால் போன்ற ஸ்டீராய்டுகளையும் பிடித்துவிடாதா என்று அடுத்து கேட்பீர்கள். பிடிப்பு நூறு மடங்குக்கும் மேல் குறைவு. அவற்றில் நேர்மின் நைட்ரஜன் இல்லை, எட்டுக் கைகளும் பற்ற எதுவும் கிடைப்பதில்லை. தவிர, ரத்தத்தில் அவை பெரும்பாலும் தங்கள் புரதங்களில் ஏறித்தான் போகின்றன. கொக்கி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

#10 இளங்கோ

மருந்தாளன் சாரின் மூன்றாம் பதிவை இரண்டு முறை படித்தேன். மடங்கிக்கொள்ளும் கைகளைப் பற்றி எனக்குத் தெரியாது. எட்டு வால்தானே என்று எழுதியது அவசரம், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒன்றைக் கேட்கிறேன். இந்த வாளி ஸ்டீராய்டுக் கட்டைக்கு மட்டும்தான். ரோக்குரோனியம் நன்றாகப் பிடிபடும், வெக்குரோனியம் அதைவிடக் குறைவாக, பான்குரோனியம் இன்னும் குறைவாக. அட்ராகுரியம், சிஸ்அட்ராகுரியம் எல்லாம் வேறு குடும்பம், நீளமான வளைந்து நெளிந்த மூலக்கூறுகள், வாளிக்குள் நுழையவே நுழையாது. ஒரு கம்பெனி தன் மருந்துக்கு மட்டும் பொருந்துகிற பூட்டைச் செய்திருக்கிறது. நோயாளி பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாத் தளர்த்தியையும் பிடிக்கிற ஒன்றுதானே வேண்டும்?

#11 வளர்மதி

இளங்கோ அண்ணா, அப்படி ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இந்தப் பகுதியை எழுத நான் காத்துக்கொண்டிருந்தேன்!

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் லைல் ஐசக்ஸ் குழு. அவர்கள் எடுத்தது சைக்ளோடெக்ஸ்ட்ரின் இல்லை, குக்கர்பிட்யூரில். 1905இல் பேரெண்ட் முதலில் செய்தார், ஆனால் அதன் வடிவம் 1981இல்தான் தெளிவானது. பார்த்தால் பூசணிக்காய்! மேலும் கீழும் அமுங்கி, நடுவில் விரிந்து, வெளியே பள்ளம் பள்ளமாக. பூசணிக் குடும்பத்தின் தாவரவியல் பெயரிலிருந்தே பெயர் வைத்தார்கள். அதன் இரண்டு வாய்களிலும் கார்போனைல் ஆக்சிஜன்கள் வரிசையாக நிற்கின்றன. நேர்மின் நைட்ரஜன் என்றால் அவற்றுக்கு உயிர்.

ஆனால் மூடிய பூசணி இறுக்கமானது, விருந்தாளிக்காக விரியாது. ஐசக்ஸ் குழு வளையத்தை மூடாமல் ஒரு பக்கம் திறந்துவிட்டது. ஆங்கில எழுத்து சி மாதிரி. இரண்டு முனையிலும் வளையச் சுவர்கள், கரைவதற்குச் சல்ஃபோனேட் கைகள். திறந்திருப்பதால் விருந்தாளியின் பருமனுக்கு ஏற்ப நெகிழ்ந்து தழுவிக்கொள்ளும். பெயர் கலபாடியன். இரண்டாவது கலபாடியன் ரோக்குரோனியத்தைச் சுகமாடெக்ஸைவிட 89 மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று அளந்திருக்கிறார்கள். சிஸ்அட்ராகுரியத்தையும் பிடிக்கிறது. எலிகளில் இரண்டு வகைத் தளர்ச்சியையும் முறித்துக் காட்டினார்கள். இன்னும் மனிதர்களுக்கான மருந்தாக அங்கீகாரம் பெறவில்லை.

எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், இரண்டு குழுவும் ஒரே கேள்விக்கு எதிரெதிர் விடை தேடியிருக்கின்றன. நியூஹவுஸ்காரர்கள் கெட்டியான வளையத்தை எடுத்து அதை ஆழமாக்கினார்கள். மேரிலாந்துக்காரர்கள் வளையத்தையே உடைத்தார்கள்.

#12 டாக்டர் கதிர்

வளர்மதி, படிக்கும்போதே சந்தோஷமாக இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் பிடிக்கிற வாளி வேண்டும் என்ற இடத்தில் நான் இளங்கோவோடு ஒத்துப்போகவில்லை.

எல்லாவற்றையும் தழுவுகிற மூலக்கூறு தளர்த்தியோடு நிற்குமா? நேர்மின் நைட்ரஜன் உள்ள மருந்துகள் எங்கள் டிராலியில் ஏராளம். இரண்டாவது கலபாடியன் கெட்டமின் என்ற மயக்க மருந்தையும் பிடிக்கிறது என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். கெட்டமின் மயக்கத்தை முறிக்க வேண்டுமென்றால் அது வரம். ஆனால் நான் தளர்ச்சியை மட்டும் முறிக்க நினைக்கும்போது வலி மருந்தையும் சேர்த்து இழுத்தால்? சுகமாடெக்ஸின் குறுகிய ரசனையை இளங்கோ குறை என்கிறார். ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக நிற்கிற எனக்கு அது நிம்மதி. எதைப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் குறுகிய ரசனையில் இன்னொரு வசதியும் உண்டு. சுகமாடெக்ஸ் கொடுத்த சில மணி நேரத்தில் நோயாளியைத் திரும்ப தியேட்டருக்குக் கொண்டுவர வேண்டியிருந்தால், மிச்சமிருக்கிற வாளிகள் புதிய ரோக்குரோனியத்தையும் பிடித்துவிடும். அப்போது நாங்கள் சிஸ்அட்ராகுரியத்துக்கு மாறுகிறோம். வாளி அதைக் கண்டுகொள்ளாது. எல்லாவற்றையும் பிடிக்கிற ஒன்றைக் கொடுத்திருந்தால் மாறுவதற்கு எதுவுமே இருந்திருக்காது.

அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் 2008இலேயே அனுமதி. அமெரிக்க மருந்துத் துறை அதே ஆண்டு மறுத்தது, ஒவ்வாமைதான் பெரிய கேள்வி. 2015 டிசம்பரில்தான் அனுமதித்தது. நலமாக இருந்த 299 தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஒருவருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தது. இதயத் துடிப்பு மிக மெதுவாகிப்போவதும் உண்டு. கொடுத்ததும் கண் மானிட்டரை விட்டு நகரக் கூடாது. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்குப் பரிந்துரைப்பதில்லை, வாளியும் மருந்தும் வெளியேற அதுதானே வழி. விலையும் நியோஸ்டிக்மினோடு ஒப்பிட முடியாத தூரத்தில் இருக்கிறது. நானே இன்னும் பலருக்கு நியோஸ்டிக்மின்தான் கொடுக்கிறேன். தளர்ச்சி தானே பெருமளவு விலகிய பிறகு, அளந்து பார்த்துக் கொடுத்தால், அது நல்ல மருந்து.

அளந்து பார்த்து என்பதுதான் முக்கியம். லிவர்பூலில் 1970இல் வந்த முறை, ட்ரெயின் ஆஃப் ஃபோர். மணிக்கட்டில் நரம்பின் மேல் அரை விநாடிக்கு ஒன்றாக நான்கு மின் துடிப்பு. கட்டைவிரல் நான்கு தடவை உள்ளே வளையும். மருந்து மிச்சமிருந்தால் நான்காவது, முதலாவதைவிடச் சோர்வாக வரும். நான்காவது, முதலாவதில் 0.9 பங்காவது இருந்தால்தான் டியூபை எடுக்கலாம். கையால் தொட்டுப் பார்த்தால் 0.4ஐத் தாண்டியதுமே நான்கும் ஒன்று போலத் தோன்றும். 0.4க்கும் 0.9க்கும் நடுவில்தான் அந்தப் பெரியவர் இருந்திருப்பார். எவ்வளவு நல்ல வாளி வந்தாலும் இந்த எண்ணைப் பார்க்காமல் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

#13 மேரி

டாக்டர் சொல்வது நூற்றுக்கு நூறு. மானிட்டர் வந்த பிறகு எங்கள் ரெக்கவரியில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது தியேட்டரிலிருந்து ஆள் வரும்போது நான் முதலில் கேட்கிற கேள்வி, "கடைசி ரேஷியோ எவ்வளவு?" என்பதுதான்.

#14 இளங்கோ

டாக்டர் சார், மாறுவதற்கு ஒரு மருந்து மிச்சம் வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வடிவமைப்புதான் என்று இப்போது சொல்லுகிறேன். அந்த முதல் பார்வை மட்டும் அதிர்ஷ்டம், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வளர்மதி, செமினாரில் கைகளின் நீளத்தைப் பற்றி ஒரு ஸ்லைடு வையுங்கள். குட்டையாக இருந்தால் என்ன, நீளமாக இருந்தால் என்ன என்று. உங்கள் வழிகாட்டி கேட்கப் போகிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

#15 வளர்மதி

வைக்கிறேன் அண்ணா. மருந்தாளன் சாரின் பீக்கரில்தான் ஆரம்பிக்கிறேன். காமா சைக்ளோடெக்ஸ்ட்ரினும் எங்கள் லேபில் இருக்கிறது. கலங்கல் தெளிவதை எல்லோர் முன்னாலும் செய்து காட்டலாம் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு ஆழக் கணக்கு, அதற்குப் பிறகு பூசணி.

டாக்டர் சார், ஒரு வேண்டுகோள். அந்த நான்கு துடிப்பை என் கட்டைவிரலில் ஒரு தடவை பார்க்க முடியுமா?

#16 டாக்டர் கதிர்

தாராளமாக. கொஞ்சம் சுள்ளென்று இருக்கும், பயப்பட வேண்டாம். தனிமடலில் எழுதுங்கள், ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கி வைக்கிறேன். மதியம் கேஸ் முடிந்த பிறகு வாருங்கள். வரும்போது அந்த வாளியின் மாதிரி ஏதாவது செய்து வைத்திருந்தால் எடுத்து வாருங்கள், மேரி சிஸ்டருக்கும் எனக்கும் காட்ட வேண்டும்.